கல்லுண்டாய் வெளியில் தோற்ற மொறிஸ் மைனர்

மண்ணெண்ணெய்ப் புகை மணக்கும் கார் என்றால் இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தலையணைக்குக்கூட அந்த மணம்தான்...

சண்டையும் பொருளாதாரத் தடையுமான காலம். பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. சேலைன் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் எல்லாம் அப்படித்தான் ஓடின. அதற்காக எஞ்சினுக்குள் இருக்கும் கெஸ்கற் தகட்டோடு இரண்டாவதாக ஒன்றும் போடவேண்டும். போடாவிட்டால் மண்ணெண்ணெயில் எஞ்சின் இடிக்கும், கொதிக்கும், நின்றுவிடும். போட்டால் ஓடும், ஆனால் வேகம் இருக்காது.

என் அண்ணை செல்வம் சண்டிலிப்பாயில் ஹயருக்கு ஆள் ஏற்றி ஓடியது ஒரு ஏ-40 கார். அவருடைய சிநேகிதர் யேசண்ணையிடம் ஒரு மொறிஸ் மைனர். அவர் மயிலிட்டிக்காரர். சண்டையில் இடம்பெயர்ந்து எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தார். யாருடைய கார் திறம் என்று இரண்டு பேரும் தேத்தண்ணிக் கடையில் ஓயாமல் கொழுவுவார்கள்.

பிறகு சமாதானப் பேச்சுவார்த்தை தொடங்கியது. பெற்றோலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பைத்தியம் தலைக்கேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கல்லுண்டாய் வெளியில் றேஸ்!

வெல்லவேண்டும் என்று அண்ணை றேசுக்கு முதல் நாள் எஞ்சினைக் கழற்றி அந்த இரண்டாவது கெஸ்கற்றை எடுத்தார். எடுத்ததைப் பத்திரமாக வைத்தாரா? இல்லை. கிழித்து வேலியோரம் எறிந்தார். அண்ணிக்கு அப்போது நிறைமாதம். குசினி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தா. எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணிக்கு மாதமெல்லே. சண்டை திரும்பத் தொடங்கினா என்ன செய்வியள்?"

"விசர்க்கதை கதையாதை. சமாதானம் வருது. இனி ஏன் மண்ணெண்ணெய்?"

யேசண்ணை மட்டும் தன் காரில் கை வைக்கவில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் நம்பி, இரண்டு நாளில் திரும்பலாம் என்று மயிலிட்டி வீட்டைப் பூட்டிவிட்டு வந்த மனுசன். பூட்டின திறப்பு இன்னும் இடுப்பில் கிடக்கிறது என்றார்.

றேஸ் நடந்தது. வெளி முழுக்கச் சனம். இரண்டு கிழட்டுக் கார்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்ததைப் பார்க்க, சண்டை உண்மையாகவே முடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். ஏ-40 முன்னுக்கு, மொறிஸ் எங்கேயோ பின்னுக்கு. அண்ணையைத் தோளில் தூக்கினார்கள்.

அடுத்தடுத்த நாள் காலை ரேடியோ சொன்னது. சண்டை தொடங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் ஊரில் பெற்றோல் இல்லை. அண்ணையின் கார் ராங்கில் இருந்தது றேசோடு சரி. பின்னேரம் அண்ணிக்கு வலி கண்டது...

வேறு வழியில்லாமல் அண்ணை மண்ணெண்ணெயை ஊற்றினார். போத்தலில் மிச்சமிருந்த பெற்றோலில் எஞ்சின் உயிர்த்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் சுத்தியலால் அடிப்பதுபோல் இடித்தது. சந்தி வரைகூடப் போகவில்லை. ஆவி பறக்க நின்றுவிட்டது. பின் சீற்றில் அண்ணி என் கையை நெரித்துக்கொண்டிருந்தா. அண்ணை பொனற்றைத் திறந்துவிட்டுத் தலையில் கை வைத்தபடி நின்றார். திட்டத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் மொறிஸ் மைனரின் சத்தம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். யேசண்ணை எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். பின் கதவைத் திறந்துவிட்டார்.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் மானிப்பாய் றோட்டு முழுக்க இடம்பெயரும் சனம். திரும்பிக் கல்லுண்டாய் வெளியால் போனோம். முந்தநாள் கைதட்டின அதே வெளி. ஒரு மரம் இல்லை, ஒரு மதில் இல்லை. பாதி தூரம் போகும்போது ஆமியின் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டு யேசு, இறங்கிப் படுப்பம்," என்றார் அண்ணை.

"நிப்பாட்டினா திரும்ப ஸ்ராட் பண்ண ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. பேசாமல் இரு."

ஹெலி எங்களைச் சுற்றியது. காரோ உருண்டுகொண்டிருந்தது, வேகமாகப் போகவும் அதனால் முடியாது. நான் அண்ணியின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். கும்பிட்ட கையை அண்ணை இறக்கவே இல்லை. எங்கேயோ பின்னால் சுட்டுக் கேட்டது... பிறகு சத்தம் தூரப்போனது.

ஆஸ்பத்திரி வாசலிலும் யேசண்ணை எஞ்சினை நிறுத்தவில்லை. விடிவதற்கு முன் மகள் பிறந்தாள்.

அந்த மகளுக்குப் போன ஆவணியில் கலியாணம். இப்போது பழைய கார்களுக்குத்தான் மவுசு. பூச்சோடித்துப் படம் எடுக்கிறார்கள். மணப்பொம்பிளை போனது யேசண்ணையின் மொறிஸில். மயிலிட்டிக் காணி திரும்பக் கிடைத்து, அங்கே புது வீடு கட்டியிருக்கிறார். திறப்புக்குரிய கதவு மட்டும் கிடைக்கவில்லை. அண்ணையின் ஏ-40 பின்னால் உருண்டது. நான் பக்கத்தில். பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தே எங்களைக் கொன்றான்.

"இப்ப மூலைக்கு மூலை பெற்றோல் கிடக்கு. சண்டைக்குள்ள திரும்பப் போட்ட அந்த ரெண்டாவது கெஸ்கற்றைக் கழட்டி விடுங்கோவன், அண்ணை. கார் பறக்கும்," என்றேன் பகிடியாக.

அண்ணை சிரிக்கவில்லை. கண் முன்னுக்குப் போன மொறிஸிலேயே இருந்தது.

"ஒருக்காக் கழட்டினன், சண்டை வந்தது. இனிக் கழட்டமாட்டன்."