இடப்பக்கம் சாயும் நடை

என் மகள் நடக்கத் தொடங்கிய பத்தாம் நாள், அவள் நொண்டுகிறாள் என்று கண்டேன். இடது காலை வைக்கும்போது ஒரு சின்ன இறக்கம். இடுப்பு ஒரு பக்கம் சாயும், தலை ஒருதரம் ஆடும், பிறகு வலது கால் அவசரமாக வந்து ஆளை நிமிர்த்தும். குசினி வாசலில் அகப்பையோடு நின்று பார்த்தேன். மூன்று தரம் முற்றத்தைக் கடந்தாள். மூன்று தரமும் இடப்பக்கம். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் கையில் அகப்பை இருப்பதே ஞாபகம் வந்தது.

அப்போது நாங்கள் உடுவிலில் ஒரு அக்காவின் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மற்றப் பாதியில் அக்காவும், பின் வளவில் அவவின் சிவலைப் பசுவும். இவர் மயிலிட்டிக்காரர், ஊருக்குத் திரும்பிப் போக முடியாத காலம். இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. இப்போதும் வேறு விதமாக எழுத வரவில்லை. இயக்கத்தில் இருந்தவர். மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு விலகி வந்தவர். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. ஆகவே இவருடைய பொய்க்கால், மற்றப் பெண்களுக்கு மாமியார் வருவது போல, எனக்கு இவரோடு சேர்ந்தே வந்தது. கதவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு மூலை. கூட்டும்போது பத்திரமாகத் தூக்கி வைத்துக் கூட்டுவேன்.

நான் உயர்தரம் வரை படித்தவள். எதையும் எழுதி வைத்தால் பாதி தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவள். அன்றைக்கே ஒரு கொப்பி எடுத்தேன். தையல் நாடாவால் பிள்ளையின் இரண்டு கால்களையும் அளந்தேன். வலது கால் கால் அங்குலம் கூடுதல் நீளம். திரும்ப அளந்தேன். இடது கால் கால் அங்குலம் கூடுதல் நீளம். மூன்றாம் தரம் அளக்கப் பிள்ளை விடவில்லை; நாடாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றையும் திகதி போட்டு எழுதினேன்.

உண்மையில் என்னை அரித்தது கால் அங்குலம் இல்லை. போலியோச் சொட்டு. பிள்ளைக்கு மூன்றாவது சொட்டு பதினேழு நாள் பிந்திப் போட்டது. அந்த மாதம் ஷெல்லடி, கிளினிக் நடக்கவில்லை. நடந்த முதல் நாளே ஓடிப் போய்ப் போட்டேன். அட்டையிலும் பதிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதினேழு நாளில் ஏதாவது நடந்திருந்தால்? பக்கத்து ஊரில் நடந்திருக்குமோ, அங்கே ஒரு கிளினிக் இருந்திருக்குமோ, நான்தான் விசாரிக்காமல் விட்டேனோ? அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்து அதன் மடிப்புக் கிழிந்தே போயிற்று.

இவரிடம் சொன்னேன்.

"பிள்ளை நொண்டுறாள்."

"நடக்கப் பழகுற பிள்ளை பின்னை ஓடுமே?"

"இல்லையப்பா. இடது கால். பாருங்கோவன்."

பார்த்தார். பிள்ளை அசையாமல் நின்று இவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"உமக்கு விசர். இந்த வீட்டிலை நொண்டுறதுக்கு நான் ஒராள் போதாதே?" என்றுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வேலை வந்த கதையையும் சொல்ல வேண்டும். காயப்பட்டு விலகியவர்களுக்குத் தொழில் பிடித்துக் கொடுக்க ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. அங்கே படிவம் நிரப்பியது நான்தான். 'விசேட திறமை' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, 'பொறுமை' என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதம் பழக வேண்டும். முதலாளிக்குப் பிடித்தால் நிரந்தரம். பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடையை விட நல்ல வேலை ஏது? இவர் ஒரு நாளும் தவறாமல் போனார். அப்போது இரண்டாவது மாதம் முடியப் போயிற்று.

அதே கிழமைகளில் எனக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. கொடியில் காயப் போடும் நாப்கின்கள் குறைந்துகொண்டே போயின. அம்மா பழைய பிளனல் துணியில் தைத்து அனுப்பிய பன்னிரண்டு நாப்கின். பிறகு பதினொன்று. பிறகு ஒன்பது. சவர்க்காரம் கிடைக்காமல் நாங்கள் எல்லோரும் பனம்பழம் போட்டுத் துணி தோய்த்த காலம் அது. எவ்வளவு அலசினாலும் துணியில் பனம்பழ வாசம் போகாது. அந்த வாசத்துக்கு மாடுகள் கொடியில் கிடக்கும் துணியைச் சப்பும். இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஐந்துதான் மிச்சம் என்று எண்ணியபோது நான் அக்காவின் பசுவைப் போய்ப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து எதையோ அசை போட்டது.

"அக்கா, உங்கடை மாடு எங்கடை பிள்ளையின்ரை நாப்கினைத் தின்னுது."

அக்கா வாளியைக் கீழே வைத்தா. "என்ரை மாடோ? என்ரை மாடு தவிடு பாத்துத் தின்னுற மாடு. உன்ரை பிள்ளையின்ரை கந்தலைத் தின்னுமோ?"

"ஏழு நாப்கின் காணேல்லை அக்கா."

"ஏழு திண்டிருந்தா அது இப்ப சாணி போடாது பிள்ளை, சட்டை போடும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கோபமாக இருக்க வேண்டிய நேரம் என்பதால் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைக்கவில்லை. பசுவின் கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டினா. அதற்கும் எனக்குக் கவலையாக இருந்தது. அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாதோ?

கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போனேன். டொக்டர் அம்மா களைத்த முகத்தோடு, "நடக்க விடுங்கோ பாப்பம்" என்றா. இறக்கி விட்டேன். என் மகள் பள்ளிக்கூட அணிவகுப்பில் போவது போல நிமிர்ந்து, நேராக, கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். சாய்வு இல்லை. ஆட்டம் இல்லை.

"வீட்டிலை உப்பிடி நடக்கிறேல்லை டொக்டர்."

"எப்பிடி நடக்கிறவ?"

வாயால் விளக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. கடைசியில் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானே நடந்து காட்டினேன். இடது காலில் இறக்கம், இடுப்புச் சாய்வு, தலையில் ஒரு ஆட்டம். வெளியில் வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் அம்மா பேனையைக் கையில் எடுத்து, "உங்களுக்கு இது எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டா.

எனக்கில்லை, எனக்கில்லை என்று நான் மன்றாட, பிள்ளை கை தட்டினாள். டொக்டர் அம்மா இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்து, பலம் சரியாக இருக்கிறது, பதினேழு நாளால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினா. வீட்டுக்கு வந்து இறக்கி விட்டேன். பின்னேரம் இவர் வேலையால் வந்து கிணற்றடிக்குப் போக, பின்னால் பிள்ளை போனாள். இடப்பக்கம். சாய்வு. ஆட்டம்.

அழுதுவிட்டேன். இவர் பயந்துபோனார்.

"இனி என்னப்பா செய்யச் சொல்லுறீர்?"

"உங்களுக்குக் கால் செய்து தந்த அண்ணையிட்டைக் காட்டுவம். அவர் காலிலேயே சீவிக்கிறவர். அவருக்குத் தெரியும்."

இவருடைய முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "அங்கையோ? அங்கை இப்ப ஏன்?" ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே போய்க் காலைக் காட்ட வேண்டும் என்பது விதி. இவர் அந்தத் தவணையைத் தள்ளிக்கொண்டே வந்தது எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போக நேரமில்லை என்பார். ஆனால் நான் அழுத அழுகைக்கு மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த அண்ணை வேலை செய்வார் என்று விசாரித்து வைத்திருந்தேன். முன் பாரில் குஷன் கட்டிப் பிள்ளையும், பின் கரியரில் கொப்பியோடு நானும், நடுவில் மிதித்துக்கொண்டு இவரும் பட்டணத்துக்குப் போனோம்.

கால் செய்யும் இடம் ஒரு நீண்ட தகரக் கொட்டில். அலுமினியத் தகட்டில் தட்டும் சத்தம் தெரு வரை கேட்கும். ஒரு பக்கச் சுவரோடு போட்டிருந்த நீள மர வாங்கிலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு காலோடு, முறைக்குக் காத்திருந்தார்கள். நடுவில் நடை பழக இரண்டு கம்பிகள்; கம்பிகளின் மறுமுனையில் ஆளுயரக் கண்ணாடி. கால் அண்ணை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்கும் ஒரு கால் அவர் கையாலேயே செய்ததுதான்.

கொப்பியை விரித்துத் திகதி திகதியாக வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை எப்ப நொண்டுறவ?"

"எப்பவும்."

"டொக்டருக்கு முன்னாலை?"

"அங்கை மட்டும் இல்லை."

"அங்கை ஆர் ஆர் போனது?"

"நானும் பிள்ளையும்."

கால் அண்ணை சுத்தியலை வைத்தார். "தம்பி, நீர் கம்பியைப் பிடியாமல் கண்ணாடி மட்டும் நடவும்."

"எனக்கென்ன அண்ணை, பிள்ளையைத்தான்…"

"நடவும் எண்டு சொன்னன்."

இவர் நடந்தார். என் மடியிலிருந்து நழுவி இறங்கிய பிள்ளை பின்னாலேயே போனாள். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். பெரிய இடது கால் இறங்க, சின்ன இடது கால் இறங்கியது. பெரிய தலை ஆட, சின்னத் தலை ஆடியது. வாங்கிலில் இருந்த ஒருவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அடுத்தவர் வாயைப் பொத்தினார். பிறகு வாங்கில் முழுவதும் உடைந்து சிரித்தது. ஒருவர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஊன்றுகோல் சரிந்து விழுந்தது.

"தங்கச்சி," என்றார் கால் அண்ணை, "பிள்ளையின்ரை கால் தங்கமான கால். நீர் அளக்க வேண்டின ஆள் மற்றவர்."

நான் எப்படிக் காணாமல் விட்டேன்? இவர் நடப்பதை நான் பார்ப்பதே இல்லை. அது இவருடைய நடை, அவ்வளவுதான். அது கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை.

"காலைக் கழட்டும்."

"வேண்டாம் அண்ணை, இன்னொரு நாளைக்கு…"

"கழட்டும்."

இவர் என்னைப் பார்க்காமல் கழற்றினார். கால் அண்ணை பொய்க்காலுக்குள் கையை விட்டு முகம் சுளித்தார். "என்ன இது, பனம்பழம் மணக்குது?"

உள்ளேயிருந்து ஒரு நாப்கின் வந்தது. பிறகு இன்னொன்று. வாங்கிலில் இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். "மூண்டு! நாலு!" ஏழாவது வந்ததும் கை தட்டினார்கள். பிள்ளை தன்னுடையதைக் கண்டுபிடித்து ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடினாள். நேராகத்தான் ஓடினாள்.

எனக்குச் சிரிப்பதா இவரை அடிப்பதா என்று தெரியவில்லை. பிறகு மிச்சக் காலைப் பார்த்தேன். மெலிந்திருந்தது, சிவந்து, ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கால் மெலிய மெலியப் பொய்க்காலின் கூடு தளர்ந்து, இவர் அதற்குள் இறங்கிப் போயிருக்கிறார். துணியை அடைத்து அடைத்து நடந்திருக்கிறார்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் காலை வாங்கி வைச்சிடுவினம். புதுக் கூடு செய்யப் பத்து நாளாகும். மூண்டு மாதம் முடியிறதுக்குள்ளை பத்து நாள் வேலைக்குப் போகாமல் நிண்டால் முதலாளி என்ன சொல்லுவார்? நொண்டியை அனுப்பினதுக்கு நொண்டிச் சாட்டு எண்டுவார்."

கால் அண்ணை புதுக் கூடு போடக் காலை எடுத்து உள்ளே கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது நான் பிள்ளையை மடியில் வைத்து, கால் அண்ணை இவருக்குக் கொடுத்துவிட்ட ஊன்றுகோல்களையும் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தேன். வாங்கிலில் இருந்த ஒருவரின் தம்பி எங்கள் சைக்கிளை மிதித்து என்னைக் கொண்டு வந்தார்; இன்னொருவர் இவரை ஏற்றி வந்தார். வழி முழுக்க அந்த இரண்டு பேரும், "ஏழு!" "ஏழு!" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கும் நிறுத்த முடியவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. மருதனார்மடச் சந்தியில் யாரோ தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

முதலில் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? மாட்டிட்டைக் கேள்," என்றா. கேட்டேன். உண்மையாகவே போய் நின்று கேட்டேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

அடுத்த நாள் காலை இவர் ஊன்றுகோலோடு ஒற்றைக் காலில் கிணற்றடிக்குப் போனார். பின்னால் பிள்ளை, விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது காலைத் தூக்கி ஒருமுறை துள்ளி, பொத்தென்று நிலத்தில் இருந்தாள். எழும்பித் திரும்பவும் துள்ளினாள்.

"இண்டைக்கும் கிளினிக்கோ?" என்று அக்கா வேலிக்கு மேலால் கேட்டா.

முதலாளிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்தபடி விளிப்பு, பொருள், பந்தி பிரித்து இரண்டு பக்கம். நானே திருநெல்வேலிக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் வயதான மனிதர். கடிதத்தை வாங்க ஒரு கையை மட்டும் விடுவித்தார். வாசித்து முடித்து, கடைக்குள் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே உயரம் குறைந்த, பதிவான ஒரு ஸ்டூல்.

"பிள்ளை, வந்த முதல் நாளே இந்த ஸ்டூலை இவருக்கெண்டு செய்விச்சனான். ஒரு நாளும் இருந்ததில்லை. விடிஞ்சால் பொழுதுபட்டால் நிண்டபடி. என்ரை ஸ்டூல் பிடிக்கேல்லையாக்கும், பெரிய ரோசக்காரன் எண்டு நான் நினைச்சன்."

"இருந்தால் நீங்கள் குறைவா நினைப்பியள் எண்டு அவர் நினைச்சவர் ஐயா."

"சைக்கிள் சில்லு நெளிவெடுக்கிற வேலையை ஆர் நிண்டு செய்யிறது? நானே இருந்துதான் செய்யிறனான்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பத்து நாளும் வீட்டிலை இருந்து செய்யட்டும். சில்லை அனுப்பிறன். மூண்டு மாதக் கணக்கிலை அதுவும் சேரும்."

சொன்னபடியே நெளிந்த சக்கரங்களாகச் சில்லுகள் வந்தன. எங்கள் இரண்டு அறையிலும் சைக்கிள் சில்லுத்தான். இவர் சாக்கில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சுழற்றிக் கம்பிகளை முறுக்க, பிள்ளை மற்றதைச் சுழற்றிக் கத்தினாள். நான் சில்லுகளுக்கு மேலால் கால் வைத்துக் குசினிக்குப் போய் வந்தேன். மூன்று நாளுக்கு ஒருதரம் முதலாளியே வந்து பார்த்தார். கையை முதுகில் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, சில்லுகளுக்கு நடுவில் மெதுவாக நடப்பார். "நல்லாத்தான் எடுத்திருக்கிறீர்" என்பார்.

புதுக் கூடு போட்டுக் கால் திரும்பி வந்தது. இவர் முற்றத்தில் நடந்தார். இறக்கம் இல்லை. நான் இவரைப் பார்க்கவில்லை. பின்னால் வரும் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் வேலைக்குப் போன பிறகும் அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு கால்களும் நேராகப் போயின. ஆனால் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். முதுகு கொஞ்சம் குனிந்திருந்தது. அக்காவின் பசு கட்டியிருந்த இடம் வரை மெதுவாகப் போய், அதைச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

கொப்பி உள்ளே இருந்தது. நான் எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.