ஷெட் லைட்டின் மேல் விழுந்த பழி

தேவேந்திரனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டில் ஆடும் திருகை நகத்தால் முடுக்குவான். கல்யாணத்துக்குப் போனால் பந்தியை விட்டுவிட்டு ஜெனரேட்டர் பக்கம் நிற்பான். வரதய்யபாளையம் பக்கத்து ஃபாக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியன். வீடு திருப்பதியில், கம்பெனி பஸ்ஸில் போக்குவரத்து. இப்பேர்ப்பட்டவனை ஒரு கண்ணாடித் தொட்டி உட்கார வைத்ததை அவன் மனைவி ரூபாவே முதலில் நம்பவில்லை.

தொட்டியில் இருந்தது மீன் இல்லை. உப்புத் தண்ணீரில் வளரும் மென்பவளம். சென்னையிலிருக்கும் சிநேகிதன் ஜெயச்சந்திரன் தன் தொட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தது. விரல் விரலாக விரியும், மூடும், மறுபடி விரியும். அதன் எதிரில் மட்டும் தேவேந்திரன் கைகட்டி உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் வீட்டில் எந்தச் சாமானும் கழற்றப்படாது.

அதற்கு வெயில் மாதிரி வெளிச்சம் வேண்டும். அதற்கென்றே விற்கிற லைட்டின் விலையைக் கேட்டவன் போனை வைத்துவிட்டான். ஃபாக்டரி ஷெட்டின் உச்சியில் தொங்கிய பெரிய லைட்டுகளை மாற்றியபோது பழையதில் ஒன்றைக் காயலான் விலைக்கு வாங்கி வந்தான். உள்ளே வெள்ளை எல்.இ.டி.களில் பாதியைப் பிடுங்கி நீலம் வைத்தான். சூட்டுக்குக் கம்ப்யூட்டர் ஃபேன், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.

"இன்னா மாமா இது? லாரி நிக்கற ஷெட்டுல தொங்கறத இம்மாம் சின்ன தொட்டி மேல மாட்டிக்கினு கீற. அது வெந்துடாது?" என்றாள் ரூபா.

"லைட்டப் பத்தி எனக்கே சொல்றியா?"

கர்வம்தான். ஆனால் நியாயமான கர்வம். கோடைக்குள் பவளம் தான் ஒட்டியிருந்த பாறையையே மூடிவிட்டது.

கோடையில் தண்ணீர் வேகமாக வற்றியது. அவனுக்கு ஷிஃப்டும் மாறியது. "வத்தற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்திடு. உப்பு வத்தாம உள்ளயே நிக்கும், உப்பு தண்ணி வேணாம்," என்று ரூபாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் பவளம் சுருங்கத் தொடங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று கூட்டினான். இன்னும் சுருங்கியது. அதிகம் என்று குறைத்தான். லைட்டை ஒரு சாண் ஏற்றினான், மறுநாளே இறக்கினான். நீலத்தைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். உப்பு உறைப்பு தெரியாமல் தின்றான். ஓரத்துக் கொத்துகள் கூழாகி உதிர்ந்த அன்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தண்ணியப் பாருடா. செம்பு பட்டா அதுக்கு வெசம்," என்றான் ஜெயச்சந்திரன் போனில்.

செம்பா? லைட்டின் ஒயரைத் தவிர வேறு செம்பு ஏது? மறுபடி லைட்டைத்தான் பிரித்தான்.

லீவு நாள் காலை. ஸ்டூல் மேல் நின்று திருகிக்கொண்டிருந்தான். ரூபா புளி போட்டுத் துலக்கிய செம்புச் சொம்போடு வந்து, பக்தியாகத் தொட்டியில் ஊற்றினாள்.

"இன்னாமே ஊத்தற?"

"நல்ல தண்ணிதான், நீதான சொன்ன. ராவெல்லாம் செம்பு கொடத்துல வெச்சது. நாமளே கேன் தண்ணிதான் குடிக்கறோம். இதுக்குன்னுதான் பரண்லருந்து கொடத்த எறக்கினேன். அது வாட வாட நீயும் வாடிக்கினே போனியா, அதான் தெனம் ஒரு சொம்பு சேத்து ஊத்தறேன்."

தேவேந்திரன் சொன்ன நல்ல தண்ணீர், ஃபில்டர் தண்ணீர். ரூபாவின் நல்ல தண்ணீர் இது. அவள் ஊற்ற ஊற்றப் பவளம் செத்திருக்கிறது. கோபம் தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் வரவில்லை.

"ஏன் மாமா, இது அதுக்கு ஆவாதா?"

"தண்ணி மேல தப்பில்ல. லைட்டுதான் ஜாஸ்தி ஆயிட்ச்சி. இனிமே தண்ணி நான் ஊத்திக்கறேன்."

"நான் அப்பவே சொல்லல, வெந்துடும்னு? கேட்டியா?"

சரியாக எரிந்துகொண்டிருந்த லைட்டை அவள் கண்ணெதிரிலேயே குறைத்தான். புது உப்புத் தண்ணீர் கலக்கித் தொட்டித் தண்ணீரை மாற்றி, மிச்சச் செம்பை உறிஞ்சக் கரிப் பையும் போட்டான். ஒரே ஒரு கொத்து மிஞ்சியது.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் கூப்பிட்டபோது ரூபாதான் போனை எடுத்தாள்.

"எல்லாம் இவுரு லைட்டு பண்ண வேலைண்ணா," என்று சொல்லிச் சிரித்தாள்.

தேவேந்திரன் போனை வாங்கினான்.

"ஆமாண்டா," என்றான். "என் லைட்டுதான்."