நமாகாவின் கேம் ஸ்டுடியோவும் ஒரு வரிச்சலுகையும்

கோவையில் நானும் இரண்டு நண்பர்களும் மொபைல் கேம் செய்து விற்கிறோம். ஃபிஜியில் 2006 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு வந்த அரசு, கணினித் தொழில் தொடங்குவோருக்குச் சில ஆண்டுகள் வருமான வரி கிடையாது என்று அறிவித்திருந்தது. அங்கே ஒரு கிளை போடலாமா என்று பார்த்துவர ஒரு ஜூலையில் கிளம்பினேன்.

அந்தச் சலுகையில் நடக்கும் ஒரு கேம் ஸ்டுடியோ நமாகாவில் இருந்தது; நாடி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் பத்தே நிமிடம். ஓட்டுநர் டேவிட், லௌடோகாவை அடுத்த ட்ராசாக்காரர். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வழி; மெதடிஸ்ட் சபையில் தமிழ்ப் பாட்டுகள் பாடிப் பழகியதால் தமிழ் தங்கியிருக்கிறது. நான் போகும் ஸ்டுடியோவின் பெயரைக் கேட்டதும் வண்டியை மெதுவாக்கினார்.

"என் மவன் சாமுவேல் அங்கதான் காம் பண்றான், தம்பி. பிரிஸ்பேன் வீசா வந்துருச்சு, போமாட்டேங்கறான். அவன் போயிட்டா ஆள் கொறஞ்சு கம்பெனிக்கு டாக்ஸ் மாஃபி போயிருமாம். மேடத்துகிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்க."

அவர் தமிழில் ஃபிஜி இந்தி கலந்திருந்தது: காம் என்றால் வேலை, மாஃபி என்றால் விலக்கு. அவர் சொன்ன நிபந்தனை உண்மைதான். சலுகை வேண்டுமென்றால் குறிப்பிட்ட அளவு உள்ளூர்க்காரர்கள் வேலையில் இருக்க வேண்டும்.

ஸ்டுடியோ ஒரு டயர்க் கடையின் மாடியில். நடத்துபவர் ரோகிணி. அதற்கு முன் 2000இல் இந்திய வம்சாவளிப் பிரதமரைக் கவிழ்த்தபோது பெற்றோருடன் ஆக்லாந்து போனவர். இந்தச் சலுகையை நம்பித் திரும்பியிருக்கிறார். தமிழ் புரியும், பேச வராது என்பதால் ஆங்கிலத்தில் பேசினோம்; இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். அவர்கள் செய்துகொண்டிருந்த படகு கேமில், பவளப்பாறை மேல் கடல் நிறம் மாறுவதைப் பார்த்து அசந்துபோனேன். அது சாமுவேலின் கைவேலை.

டேவிட் சொன்னதைச் சொன்னேன். வீசா வந்ததே ரோகிணிக்குத் தெரியாது. சாமுவேலைக் கூப்பிட்டார்.

"ஏன் சொல்லல?"

"நான் போனா சலுகை போயிடும்."

"அது என் கவலை. நாங்க கிளம்பினப்போ எங்கப்பாவை யாரும் தடுக்கல. நான் உன்னைத் தடுக்கமாட்டேன்."

அவன் போனபின், பெயருக்கு ஓர் உறவினரைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "வேலை செய்யாதவங்க பேரை எழுதினா, இந்தச் சலுகைக்கே அர்த்தம் இல்ல" என்றார். ஆள் குறையப்போவதை அன்றே வரி அலுவலகத்துக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ட்ராசா போனேன். வழியெல்லாம் கரும்பு. டேவிட் வீட்டில் மீன் குழம்பும் டாலோ கிழங்குமாக வழியனுப்பு விருந்து. ரோகிணியும் வந்திருந்தார். டேவிட் அவர் தட்டில் மீனைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ரோகிணி மின்னஞ்சலில் எழுதினார்: சலுகை போய்விட்டது, அந்த ஆண்டு வரி கட்டினார்கள், வடக்குத் தீவிலுள்ள சவுசவு ஊரிலிருந்து இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், மறுபடி விண்ணப்பித்தாயிற்று. நாங்கள் கிளை போடவில்லை. அடுத்த கேமின் கடற்காட்சிகளை அவர்களிடமே கொடுத்துவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நாடியிலிருந்து லௌடோகாவுக்கு பஸ் தாராளம். சலுகையின் விதிகளைத் தலைநகர் சுவாவில் நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அவை மாறக்கூடியவை. நீங்கள் பயிற்சி கொடுத்து வளர்த்த ஆள் வெளிநாடு கிளம்பினால் என்ன செய்வது என்பதை மட்டும் எந்த அலுவலகத்திலும் சொல்லமாட்டார்கள். அதை நீங்களேதான் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.