சுகுமாரன் மாமா போட்ட பிரேக்

மண்ணெண்ணெயில் ஊறிய துருவுக்கு ஒரு வாடை உண்டு. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுவதும் கொல்லயிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த வாடைதான் நின்றது. காயப்போட்ட துணியில், அம்மா அவித்து இறக்கிய மரச்சீனிக் கிழங்கில், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுப் புத்தகம் பிடித்திருக்கும் அப்பாவின் நகக்கண்களில்கூட அது இருந்தது.

அப்பா ஞானதாசுக்கு 'ஏலா' என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் சொந்தமாகக் கொஞ்சமும் பாட்டக் குத்தகைக்கு எடுத்தது கொஞ்சமுமாக நிலம் இருந்தது. ஊரில் உழவு மாடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வாடகை டிராக்டருக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டி வந்த காலத்தில், களியக்காவிளைக்கு அப்பால் வயலையெல்லாம் ரப்பர் தோட்டமாக்கிவிட்ட ஒருவரின் கொட்டகையில் பழைய டிராக்டர் ஒன்று கிடப்பதாக வந்து சொன்னவர் சுகுமாரன் மாமா. அவர் எங்களுக்கு இரத்த உறவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், வளைகுடாவில் சில வருடம் லாரிகளைப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கால்வாய்க் கரையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள்.

லாரியின் பின்னால் வடம் கட்டி இழுத்து வந்த அந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் கோழி அடைகாத்த வைக்கோல் அப்படியே இருந்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது வழிதவறி இங்கே வந்துவிட்டதா என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவும் சிரித்தார். எஞ்சின் இறுகிப்போய்க் கல் போல உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து உள்ளே ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட்டு, தினமும் காலையில் இரண்டு பேரும் கம்பி போட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ அது ஒரு விரற்கடை அசைந்தது. அப்பா சமையற்கட்டுக்கு ஓடிவந்து, "எட்டீ, அசைஞ்சிட்டு!" என்று அம்மாவிடம் சொன்னதும், பிள்ளை பிறந்த செய்தி கேட்டவளைப் போல அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் நினைவிருக்கிறது.

எஞ்சினுக்குப் புது பிஸ்டன் வளையங்கள் நாகர்கோவிலில் இருந்து வந்தன. ஒழுகிய ரேடியேட்டரை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தார்கள். ஆனால் மாமா அதிக நாள் செலவழித்தது பிரேக்கில்தான். இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றி, தேய்ந்துபோன பட்டைகளை மாற்றி, மறுபடியும் கழற்றி, மறுபடியும் போட்டார். அப்பா கேலி செய்தால், "எலே, வண்டி ஓடாட்டா தள்ளிக்கிடலாம். நிக்காட்டா என்ன செய்வே?" என்பார்.

டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. ஒன்று வலது சக்கரத்துக்கு, மற்றது இடது சக்கரத்துக்கு. வயலின் மூலையில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிக்க வேண்டும். ரோட்டில் ஏறும்போது இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி வட்டமடித்துவிடும். இணைப்பதற்கு மிதிகளின் மேல் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்தது. மாமா அதைக் 'கொளுத்து' என்பார். ஏலாவில் இருந்து கால்வாய்க் கரை ரோட்டுக்கு ஏறும் சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி, குனிந்து கொளுத்தைப் பூட்டிவிட்டுத்தான் அப்பா மேலே ஏறுவார். நான் கஞ்சி கொண்டுபோன நாட்களிலெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்கு உழவு தொடங்கியிருந்தது. ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை, மத்தியானம் கழிந்ததும் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இடி என்றால் உயிர் போகும். கஞ்சிப் பாத்திரத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "அப்பா, இடி வருது, வா! சீக்கிரம் வா!" என்று கத்தினேன். இன்னும் ஒரு சால் இருக்கிறது என்று அவர் கை காட்டினார். நான் அழத் தொடங்கினேன். அவர் பாதியில் கலப்பையைத் தூக்கிவிட்டு, சரிவின் அடியில் நிற்காமல் நேரே ஏறி வந்தார். "அழாதே மக்களே, அப்பா வந்தாச்சில்லா" என்றார். மிதிகள் இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் இடி இடித்தது, நான் முன்னால் ஓடினேன்.

வளைவில் எதிரே ஒரு ஜீப் வந்தது. எனக்குப் பின்னால் டயர் மண்ணை அரைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வண்டி கால்வாய்ப் பக்கம் வட்டமடித்துச் சரிந்துகொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்து முதலில் ஓடிவந்து தண்ணீரில் குதித்தவர் சுகுமாரன் மாமாதான். ஊரே கூடி வடம் கட்டி வண்டியை நிமிர்த்தியபோது மழை கொட்டியது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் கொளுத்து பூட்டியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் ஒரு பக்கத்துப் பிரேக்தான் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். "சுகுமாரன் போட்ட பிரேக்காக்கும்" என்று ஒருவர் சொன்னதை அன்று சாயங்காலத்துக்குள் ஊரே திரும்பச் சொன்னது. மாமா மறுக்கவில்லை. போலீஸ்காரர் கேட்டபோது தலை குனிந்தபடி, "ஆமா, நான் போட்டதுதான்" என்று சொன்னாராம். அடக்கத்தின்போது அவர் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரும்படி யாரும் கூப்பிடவில்லை. அம்மா அதன்பிறகு அவர் பெயரை உச்சரிக்கவில்லை. சில மாதத்தில் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு அதியன்னூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார் என்றும், ஒரு துணிக்கடையில் காவலுக்கு நிற்கிறார் என்றும் கேள்விப்பட்டோம்.

கொளுத்து பூட்டியிருந்தது என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வாயை மூடினேன். நான் பார்த்தது பொய்யாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்பா ஏன் நிற்காமல் ஏறினார் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் நான்தான்.

பன்னிரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களை அம்மா சொல்லச்சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கூட்டாளிகள் என்று வந்த இடத்தில் அந்தப் பெயர் வரவில்லை. பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து சேலை மாற்றி, குடையை எடுத்துக்கொண்டு, "எழும்பு. போலாம்" என்றாள்.

அதியன்னூரில் தங்கை வீட்டு வாசலுக்கு வந்த மாமா நரைத்துச் சுருங்கிப் போயிருந்தார். அம்மாவைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் நின்றபடியே சொன்னேன். மிதிகள் தனித்தனியாக ஆடியதைச் சொன்னதும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும் மக்கா. தண்ணியில எறங்கினப்பமே கொளுத்து தெறந்து கெடந்துது. நானாக்கும் பூட்டினேன்."

"என்னத்துக்கு அண்ணே?" என்றாள் அம்மா. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஞானதாஸ் மறந்துபோயி செத்தாம்னு நாலுபேரு பேசுனா, அவன் எழும்பிவந்து பதில் சொல்லுவானா? நான் உசிரோட இருக்கேம்லா. எனக்குத் தாங்கிக்கிடலாம்னு தோணிச்சு." பிறகு மெல்லிய குரலில், "இவ்வளவு நீளும்னு நெனைக்கல்ல" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மீதியையும் சொன்னேன், நான் அழுததை, அவசரப்படுத்தியதை. அது அவருக்குத் தெரியாது. "நீ அழாட்டாலும் அவன் அப்படித்தான் ஏறியிருப்பான். அவனுக்கு எப்பவும் அவசரமாக்கும்" என்றார். அப்பா அவசரம் என்பதையே அறியாத மனிதர். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

புறப்படும்போது, "இது நம்ம மூணுபேரோட இருக்கட்டு. வெளிய சொல்லண்டாம்" என்று எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்தார். அம்மாவே இலை போட்டுப் பரிமாறினாள்.

அம்மா போய் நான்கு வருடமாகிறது. மாமா போன வருடம் போனார். இனி அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று நான்தான் முடிவு செய்தேன். ஊரில் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று போன மாதம் கொல்லயிலுக்குப் போனேன். ஏலாவில் பாதியை மண்ணிட்டு நிரப்பி வீடுகள் கட்டியிருந்தார்கள். மீதியில் வாழை நிற்கிறது. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் ஒரு மருந்துக் கடை. அன்று வடம் பிடித்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு வெளியூரில். கடையில் இருந்த பையனிடம், இங்கே சுகுமாரன் என்று ஒரு மெக்கானிக் இருந்தார், தெரியுமா என்று கேட்டேன். "எந்தச் சுகுமாரன் சேச்சி?" என்றான் அவன்.

அவர் போட்ட பிரேக் நன்றாகப் பிடித்தது. அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.