யாரிடமும் சொல்லாத நம்பர்

வேலைக்குப் போன முதல் வருடத்தில் மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கணினி வாங்கி வைத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ஆங்கில எழுத்துகள் கார் நம்பர்களைப் பார்த்துப் பழக்கம். அம்மாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். அதனால் கணினிக்குப் பொறுப்பு நான்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

கணினி வாங்கியது அம்மாவின் வியாபாரத்துக்காக. அவர் வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறார். இணையத்தில் அவருக்கென்று ஒரு பக்கம் திறந்துகொடுத்தேன். வாடிக்கையாளர்கள் குரல் பதிவாக ஆர்டர் அனுப்புவார்கள், அப்பா காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்குமுன் அம்மா பல வருடங்கள் பிறர் வீடுகளில் தரை துடைத்தவர். அந்த வீட்டுக்காரர்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. இப்போது பாசிர் கூடாங் வரை அவருக்குப் பெயர் இருந்தது. அது அந்த இணையப் பக்கத்தில் இருந்தது.

பாதுகாப்பு வேலைகளை நான் ஒழுங்காகவே செய்தேன். வைரஸ் தடுப்பு மென்பொருள் போட்டேன். புதுப்பிப்புகள் தானாக இறங்கும்படி வைத்தேன். வைஃபையின் பழைய கடவுச்சொல்லை மாற்றினேன். கேமராவை ஏதாவது ஒட்டி மறைக்கச் சொன்னதற்கு அம்மா அந்தோணியார் படத்தை ஒட்டினார். ஜெபக்கூட்டம் முடிந்ததும் எதையாவது அச்செடுக்க வருகிற அக்கம்பக்கத்தாருக்கு விருந்தினர் கணக்கு ஒன்று தனியாக உண்டு. அவர்களுடைய பென்டிரைவைச் சோதித்த பிறகுதான் திறப்பேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எங்க வீட்டுப் பென்டிரைவுக்கு என்ன சொறி சிரங்கா என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் கடைக்குப் போய் அச்செடுத்தார். நான் விதியை மாற்றவில்லை.

அம்மாவின் பக்கத்துக்கு நீளமான கடவுச்சொல் ஒன்றும் வைத்திருந்தேன். வாரநாட்களில் நான் சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். ஒருமுறை மின்சாரம் போய்த் திரும்பியபோது அம்மாவின் பக்கம் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறது. எழுதிவைத்துப் போனதை அப்பாவால் சரியாகத் தட்ட முடியவில்லை. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, உள்ளே போனதும் அதையே மாற்றிவிட்டார். புதிய கடவுச்சொல் எங்கள் கார் நம்பர். அது அவருக்கு ராசியான நம்பர். ஏக்கோர் லாட்டரிக் கடையில் வாராவாரம் அதன் நாலு இலக்கத்தைத்தான் வாங்குவார். மாற்றியதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

போன தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து திரும்பியதும் அம்மா மாவு பிசைய உட்கார்ந்தார். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, உடனே அழைப்பும் வந்தது. கையெல்லாம் மாவு என்பதால் அப்பா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு ஆண் மிக மரியாதையான மலாயில் பேசினான். உங்கள் பக்கத்தின்மேல் புகார் வந்திருக்கிறது, இப்போது வந்த ஆறு எண்களைச் சொன்னால் சரிசெய்துவிடுவோம், இல்லையென்றால் இன்றைக்கே பக்கம் மூடப்படும் என்றான்.

நான் கையில் ஈரத்துணியோடு உள்ளே வந்தபோது அப்பா குறுஞ்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கலவரம் எதுவும் இல்லை.

"நொம்போர் தாக் அடா, பாங்," என்றார் கைப்பேசியில். நம்பர் எதுவும் வரவில்லை, அண்ணே என்று.

அம்மா மாவோடு எழுந்துவிட்டார். "ஏங்க, கையிலதானே இருக்கு. சொல்லிடுங்க. பேஜ மூடிட்டா தீபாவளி ஆர்டர் எல்லாம் என்ன ஆகும்? நான் யாருக்கு என்ன பதில் சொல்றது?"

அப்பா கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "சும்மா இரு லா. கேட்காம தானா வந்த நம்பர். ஏக்கோர் எடுக்கறதுக்கு முன்னாடி வெளிய சொன்னா அடிக்காது."

"நம்பர் அடிக்கிறது இருக்கட்டும், என் பொழப்பு?" என்றார் அம்மா.

நான் கைப்பேசியை வாங்கி அழைப்பைத் துண்டித்தேன். கணினியில் பார்த்தேன். யாரோ ஒருவன் சரியான கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே வந்து, கைப்பேசிக்கு எண் அனுப்பும்படி நான் வைத்திருந்த இரண்டாவது பூட்டில் நின்றுகொண்டிருந்தான். அதைத் திறக்கத்தான் அந்த ஆறு எண்கள். கிடைத்திருந்தால், தீபாவளி ஆர்டருக்கு முன்பணம் கேட்டு அம்மாவின் பெயரில் எல்லோருக்கும் செய்தி போயிருக்கும்.

அவனை வெளியேற்றிவிட்டு, இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். கடவுச்சொல் கார் நம்பராக மாறியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. அப்பாவுக்குத் தன்மேல் ஒரு குறையும் தெரியவில்லை. "வந்த நம்பர நான்தான் சொல்லலையே," என்றார். அந்த ஆறில் கடைசி நாலு எண்ணை அந்த வாரம் ஏக்கோரில் வாங்கினார். அடிக்கவில்லை.

அம்மா கேட்டது வேறு. "நம்ம கார் நம்பரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் இருந்த படங்களைத் திறந்து காட்டினேன். முறுக்கு டின்களைக் கார் பானெட்டில் அடுக்கி அப்பா எடுத்த படங்கள். அம்மா அவற்றைப் பெருமையோடு போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் டின்களுக்குக் கீழே நம்பர் பலகை பளிச்சென்று தெரிந்தது. அம்மா எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாஸ்வேர்ட நானே போடறேன். எத்தனை நம்பர் வேணும்?"

"பன்னெண்டுக்குக் குறையாம. யாருக்கும் தெரிஞ்ச நம்பரா இருக்கக்கூடாதும்மா. பொறந்தநாள், ஐசி கார்டு நம்பர் எதுவும் வேணாம்."

"தெரியும். நீ அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பிக்கொண்டேன். விசைகளின் சத்தம் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கேட்டது. இரண்டாம் முறையும் தட்டச் சொன்னபோது அதே வேகத்தில் கேட்டது. கணினி பிழை காட்டாமல் ஏற்றுக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து விலைப்பட்டியலை மாற்றவேண்டியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கடவுச்சொல் கேட்டேன்.

"போன்ல யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

"நான்தானேம்மா கேட்கறேன்."

"குரல் உன்னோட மாதிரிதான் இருக்கு," என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை வந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எல்லைப் பாலத்தில் நெரிசல் தாண்டி வீட்டுக்குப் போனேன். அப்போதும் அம்மா கடவுச்சொல்லைச் சொல்லவில்லை. தானே உட்கார்ந்து, ஒரு கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டினார். பக்கம் திறந்ததும் எனக்கு இடம் விட்டு எழுந்தார்.