பலாப்பழத்தோடு வந்தவர்கள்

அக்கா காணாமல் போன சில நாளில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். விருந்தாளிகள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு பெரிய பலாப்பழம், கால் கட்டிய சேவல், தூக்கு நிறையத் தேன். இவ்வளவும் சுமந்து வருகிறவர்களை எட்டு வயதில் வேறென்னவென்று நினைப்பது?

வந்தவர்கள் கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர்கள். ஒருவர் அவர்கள் ஊர்ப் பெரியவர், இன்னொருவர் தகப்பன். கூட நின்ற மகனை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம் எங்கள் வயலில் கரும்பு வெட்ட இறங்கி வந்த அண்ணன். எனக்குக் கரும்பு சீவிக் கொடுக்கும்போதெல்லாம் அக்காவுக்கும் ஒரு துண்டு சீவுவார்.

பெரியவர் வாசலில் நின்றபடியே பேசினார். "எங்க புள்ள ஒங்க பொண்ண இட்டுக்கினு வந்துட்டான். தப்புதாங்க. பொண்ணு எங்க பொம்பளைங்களோட பத்திரமா இருக்குது. நீங்க இன்னா சொன்னாலும் கட்டுப்படறோம். பேசி முடிச்சிக் கலியாணம் வச்சிக்கலாம்."

மலையில் அவர்கள் ஊர் முறை அது. பெண்ணைக் கூட்டிப்போனவன் ஒளியக்கூடாது. சீரோடு வந்து பெற்றவர் முன் தலைகுனிய வேண்டும். அதோடு கோபம் தீர வேண்டும். அப்பா முதல் நாளே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

அப்பா கத்தவில்லை. "ஒக்காருங்க, பங்காளிங்கள இட்டுக்கினு வரேன்" என்று சைக்கிளை எடுத்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் பலாப்பழத்தைப் பிளந்து எனக்குச் சுளை எடுத்துத் தந்தார். வாய் நிறையச் சுளையோடு நான் இருந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. அவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். அண்ணனை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகும் சேவல் கால் கட்டோடு வாசலில் கிடந்தது.

மறுநாள் அக்காவை மலையிலிருந்து கொண்டுவந்தார்கள். அவளுக்குப் பதினேழு வயது. மாமா ஸ்டேஷனில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். "பதினெட்டு முடியாத பொண்ண பெத்தவங்க சம்மதம் இல்லாம கூட்டிக்கினு போனா கடத்தல்தானாம். பொண்ணு இஷ்டப்பட்டாலும் செல்லாதாம். கலியாணம் கட்டறதுக்குக் கூட்டிக்கினு போனான்னா பத்து வருசம் வரைக்கும் போடலாமாம்."

"பத்து வருசமா?" என்றாள் அம்மா. அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வழக்கு கள்ளக்குறிச்சியில் நடந்தது. அண்ணனின் வக்கீலுக்கு இருந்தது ஒரே வழி. அண்ணன் கூப்பிடவில்லை, பெண் தானாகவே புறப்பட்டுப் பின்னால் போனாள் என்று காட்ட வேண்டும்.

"யாரும் கூப்புடலங்க. நானாத்தான் போனேன்" என்று அக்கா கூண்டில் அழாமல் சொன்னாள்.

"பார்றா, தானா ஓடிக்கினு போனாளாம்" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஜட்ஜ் அண்ணனைக் கேட்டார். வக்கீல் கண்ணால் ஜாடை காட்டினார். அண்ணன் சிரிப்பு வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அது மேல தப்பு இல்லீங்க. நான்தான் வா வான்னு கெஞ்சிக் கூட்டிக்கினு போனேன்" என்றார். வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டார்.

பெண் தானாக வந்தாள் என்று மலையில் எந்த ஆம்பளையும் சபையில் சொல்லமாட்டான் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

மூன்று வருஷம் போட்டார்கள். கடலூர் ஜெயில்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்பை ஒத்துக்கொண்டவனை வாத்தியார் அடிக்கமாட்டார். அதனால் கேட்டேன். "அண்ணன்தான் ஒத்துக்கிச்சே. அப்புறம் ஏன் வுடல?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்துக்கினதாலதான்டா" என்றாள்.

அவளுக்கு என் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகக் கேட்டேன்.