பூசணிப் பிஞ்சும் ஒரு போன் நம்பரும்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பேருக்குத்தான். ஏப்ரல் பிறந்துவிட்டால் என் முழுநேரத் தொழில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரி அப்ளிகேஷன் போடுவதும் அவர்களோடு சண்டை போடுவதும்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மலையில் எல்லோருக்கும் நான் 'கம்ப்யூட்டரக்கா'. என் சொந்தப் பெயர் பக்கத்துப் பழக்கடைக்காரருக்கே தெரியாது.

எனக்கு முன்கோபம் உண்டு. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவை அப்ளிகேஷனுக்குக் கொண்டு வந்தால் கத்துவேன். கடைசித் தேதியன்று சாயங்காலம் வந்து நின்றால் இன்னும் சத்தமாகக் கத்துவேன். ஆனால் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன். அது பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால்தான் ஒருவரும் பயப்படுவதில்லை.

அந்தக் கோபத்தில் பிறந்த சட்டம் ஒன்று கடையில் உண்டு. ஆரம்பத்தில் எல்லா அப்ளிகேஷனிலும் என் நம்பரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் ஓ.டி.பி.யாக வந்து கொட்டியது. எது யாருடையது என்று தெரியவில்லை. பருப்பு தீய்ந்தது, ஒரு பையனின் அப்ளிகேஷனும் பூட்டிக்கொண்டது. மறுநாளே சுவரில் எழுதி ஒட்டினேன்: 'உங்க ஊட்டு போன் நம்பர் மட்டும்தான் போடப்படும்.' அந்தச் சட்டம்தான் பின்னால் என் தலையில் வந்து விடிந்தது.

ஒரு வருடம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், வெள்ளக்கடையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மீதியில் ராகியும் காய்கறியும். அவள் கேட்ட கல்லூரியின் பெயரை நானே அப்போதுதான் கேள்விப்பட்டேன். தெற்கே எங்கேயோ இருக்கிறது, ஐந்து வருட அறிவியல் படிப்பு, உள்ளே போய்விட்டால் சாப்பாடு, தங்கல், படிப்பு எல்லாமே இலவசம். ஆனால் இடம் மிகக் குறைவு.

"மார்க்கு மட்டும் பத்தாதுங்கக்கா. ஒரு கட்டுரை எழுதோணும். அது புடிச்சிருந்தாத்தான் இன்டர்வியூவுக்கே கூப்புடுவாங்களாம்."

"வேற எதுக்கெல்லாம் போடறே?"

"வேற எதுக்கும் இல்லீங்க. இது கெடைக்கலைன்னா எங்கம்மாகூட எஸ்டேட்டு வேலைக்குத்தான்."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

'நீங்களே நேரில் கவனித்து அறிந்த ஒன்றைப் பற்றி எழுதுக' என்பதுதான் கட்டுரைக்கான கேள்வி. மூன்றாம் நாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரியிலேயே நாட்டுக்குச் சேவை செய்யக் கிளம்பிவிட்டாள்.

"யாரு எழுதினது இது?"

"நான்தானுங்க."

அந்த முதல் வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"நெட்டுல பாத்து எழுதுனேனுங்க."

காகிதத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் வேறொருவருக்கு ஜெராக்ஸ் எடுத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்க காட்டுல நீ பாத்தது ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளில், வாரா வாரம் பழஞ்சேலை நூலை ஒவ்வொரு கலராகக் கட்டி, எந்தப் பக்கத்துச் சரம் எப்போது பழுக்கிறது என்று இரண்டு வருடமாக எழுதி வைத்திருக்கிறாள். கிழக்கே பார்த்த கொடி முந்துகிறது. ஓடைப் பக்கத்துக் கொடி மட்டும் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"அடிப்பாவி! இதைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா நாட்டுக்குச் சேவை செய்யக் கிளம்பினே?"

"இதெல்லாம் கட்டுரைங்களா அக்கா? சும்மா நூலு கட்டுனதுதானுங்க."

அப்புறம் நாலு தடவை எழுதினாள், நாலு தடவையும் நான் கத்தினேன். ஐந்தாவது தடவை படித்து முடித்ததும் எனக்குக் கத்த ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுரையோடு போட்டோ வைக்கலாம் என்று இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் காட்டுக்குப் போனேன். அவள் அப்பா மெலிந்த மனிதர், குரல் எப்போதும் பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல இருக்கும். நூல் கட்டிய கொடிகளைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது வேலியோரம் ஒரு பூசணிக் கொடியில் பிஞ்சு பிடித்திருந்தது. "அட, இது எவ்வளவு அழகா இருக்கு!" என்று விரலை நீட்டிவிட்டேன். அந்த மெல்லிய குரல் மனிதர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, விரல மடக்குங்க, விரல மடக்குங்க! பிஞ்ச நீட்டிக் காட்டுனா அழுவிப் போயிருமுங்க!"

மடக்கினேன். அவரும் எதையாவது காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை மடக்கி, மொட்டை மூட்டாலேயே காட்டினார். எங்கள் சேலத்திலும் பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். ஆனால் இவ்வளவு பயபக்தியாக நான் பார்த்ததில்லை. போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. பின்னால் திரும்பிப் பார்த்தால் அவள் மட்டும் சிரிக்கவில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அப்ளிகேஷன் போய்விட்டது. அப்பாவின் நம்பர்தான், சட்டம் சட்டம்தானே. கட்டுரை பிடித்திருந்தால் போனில் கூப்பிடுவார்கள் என்று போட்டிருந்தது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. அவள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கடைக்கு வந்து, கேட்காமலே நின்றுவிட்டுப் போவாள். கடைசியாக வந்த அன்றைக்கு, "நாளையிலருந்து அம்மாகூட எஸ்டேட்டுக்குப் போறேனுங்கக்கா, ஆளு எடுக்கற ரைட்டருகிட்டச் சொல்லியாச்சு" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் எதிரிலேயே கல்லூரி ஆபீசுக்குப் போன் போட்டேன்.

ஒரு பெண் எடுத்தார். அப்ளிகேஷன் நம்பரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "நாங்க நாலு தடவை கூப்பிட்டோமே மேடம். அந்த வீட்ல படிக்கிற பொண்ணே கிடையாதுன்னு சொன்னாங்க. ராங் நம்பர்னு குறிச்சு, லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த அம்மாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். வண்டியில் உரம் ஏற்ற வந்தவர் அடுத்த தெருவில்தான் இருந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே கடைக்குள் வந்தார்.

"காலேஜுல இருந்து போன் வந்துச்சாண்ணா?"

"வந்துச்சுங்களே. தெனமுமே வருதுங்க."

"என்ன சொன்னீங்க?"

"எங்கூட்டுல படிக்கிற புள்ளையே இல்லீங்கன்னு சொல்லிப்புட்டேனுங்க." முகத்தில் ஒரு கள்ளம் இல்லை, கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. "பிளஸ் டூ முடிச்சதுமே எந்தெந்தக் காலேஜ்காரனோ தினம் கூப்புடறானுங்க, வா வான்னு. அவனுங்ககிட்டயெல்லாம் எம்புள்ள இன்ன படிப்புக்குப் போட்டிருக்குதுன்னு சொல்லிட்டிருக்க முடியுங்களா? பிஞ்சுங்க அது. காயாவட்டுமுன்னு வாயத் தெறக்காம இருந்தேனுங்க. எங்க பங்காளி ஊட்டுக்குக்கூடத் தெரியாதுங்க. இவ கேட்டப்பவும் வேற காலேஜ்காரனுங்கதான் கூப்புடறானுங்கன்னு சொல்லிட்டேனுங்க."

நான் கத்தினேன். பழக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "நாலு தடவை கூப்பிட்டது அவ கேட்ட அதே காலேஜுண்ணா! நீங்களே அவளை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டீங்க!" அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிற்று. மகளைப் பார்த்தார். "நான் காபந்து பண்றதா நெனச்சேன் சாமி" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் நம்பரைப் போடச் சொன்னதே நான்தான். யார் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. இதில் கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

போனில் காத்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் திரும்பக் காதில் வைத்தபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "இன்டர்வியூவுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள், மேடம். கேட்டுப் பாக்கறேன்" என்றார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டு, மறுநாள் மூன்று மணிக்கு ஆன்லைனில் தயாராக இருக்கச் சொன்னார்.

மறுநாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். கம்ப்யூட்டர் முன்னால் அவள். கேமராவில் படாமல் ஓரத்தில் நான். ஏ-ஃபோர் பேப்பர் கட்டின் மேல் அவள் அப்பா, முழங்காலில் கைகளைக் கட்டிக்கொண்டு. திரையில் மூன்று பேர். மிளகைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். ஓடைப் பக்கத்துக் கொடியைப் பற்றிக் கேட்டபோது, "தெரியலீங்க சார். ஈரமா, நெழலான்னு பிரிச்சுப் பாக்கோணுமுங்க" என்றாள். கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் கடைசியாகச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உங்க வீட்ல நீயே இல்லைன்னு உங்க அப்பா சொன்னாராமே, ஏன்?"

அவள் பிஞ்சு விஷயத்தைச் சொன்னாள். விரலை மடக்கியும் காட்டினாள்.

"அதை நீ நம்பறியா?"

அவள் ஓரக்கண்ணால் அப்பா பக்கம் பார்த்தாள். போச்சு, இனி என்ன சொன்னாலும் வம்புதான் என்று நான் நினைத்தேன்.

"ஒம்பதாவது படிக்கிறப்ப பாத்தேனுங்க மேடம். எங்க காட்டுல பத்துப் பூசணிப் பிஞ்சுக்குத் தெனமும் விரல நீட்டிக் காட்டுனேன். பத்துக்குக் காட்டல. நீட்டுனதுல மூணு அழுவுச்சு. நீட்டாததுலயும் மூணுதானுங்க." குரலைத் தாழ்த்தி, "எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க. அவரு இங்கதான் உக்காந்திருக்காரு" என்றாள்.

திரையில் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இணைப்பைத் துண்டித்த பிறகு அவள் அப்பா மெதுவாகக் கேட்டார், "பத்துக்கும் நீட்டுனியா சாமி?" அவள் தலையாட்டினாள். அவர் ஷட்டரைக் குனிந்து கடந்து வெளியே போய் ரொம்ப நேரம் ரோட்டில் நின்றார். கோபமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இடம் கிடைத்துவிட்டது. மெயில் வந்த அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பழக்கடைக்காரர் திருடன்தான் வந்துவிட்டான் என்று ஓடி வந்தார். ஆனால் அவள் அப்பாவிடமிருந்து ஊருக்குள் ஒரு மூச்சு வெளியே வரவில்லை. அட்மிஷன் போட்டாயிற்று, ஹாஸ்டல் ரூம் ஒதுக்கியாயிற்று, அப்போதும் யாராவது கேட்டால், "ஏதோ படிக்குமுங்க" என்று நழுவிவிடுவார். அந்தப் பூசணிக் கணக்கு அவர் மனதில் ஏறவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

கிளம்புகிற நாள் காலையில் சேலம் பஸ் என் கடைக்கு எதிரே நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பெட்டியையும் பாயையும் பின்னால் ஏற்றிவிட்டுப் படியருகே வந்தார். கண்டக்டர் இந்த மலையில் பல வருடமாக ஓடுகிறவர், எல்லோரையும் தெரிந்தவர்.

"என்னுங்ணா, பொட்டியும் படுக்கையுமா? யாருக்கு என்ன விசேஷம்?"

'சும்மா அடிவாரம் வரைக்குமுங்க' என்று சொல்லப் போகிறார் என்று நான் கடை வாசலில் நின்று பல்லைக் கடித்தேன். அவர் ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலை முழுசாக நீட்டி, அந்த ஜன்னலைக் காட்டினார்.

"எம்புள்ளைங்க. விஞ்ஞானம் படிக்கப் போவுது. நொம்பப் பெரிய காலேஜுங்க, அஞ்சு வருசம்."

அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஜன்னலில் அவள் பதறிப்போனாள்.

"அப்பா, விரலு!"

அவர் மடக்கவில்லை.

"நீட்டுனாலும் மூணு, நீட்டாட்டியும் மூணு. நீ எண்ணிப் பாத்ததுதானே சாமி."

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். கண்டக்டர் விசில் அடித்த பிறகுதான் அவர் கையை இறக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.